சிட்னி முதல் டாட்டாநகர் வரை
கடன் வாங்கிக் கடல் கடந்த ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் கதை

ஆஸ்திரேலியா என்றதும் நம்மவர்களுக்கு உடனே நினைவு வருவது கிரிக்கெட்தான். பிராட்மன் காலம் முதல் இன்று வரை பத்துப் பெயர்களை மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். அந்த நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

ஆனால் ஜாம்ஷெட்பூரில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். டிம் கேஹில்!

நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடியவர். நாட்டுக்காக 108 ஆட்டங்களில் 50 கோல் போட்டவர். இங்கிலாந்தில் பதினான்கு ஆண்டுகள், பிறகு அமெரிக்கா, சீனா, மறுபடி சொந்த நாடு, மறுபடி இங்கிலாந்து என்று சுற்றியவர். அவர் தமது ஆட்ட வாழ்க்கையின் கடைசிப் பருவத்தை ஆடி முடித்தது நம் நாட்டின் இரும்பு நகரத்தில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு அவருடைய கதை அந்நியமாகத் தோன்றாது. அதில் கடன் இருக்கிறது. உறவினர் வீட்டில் ஒண்டியிருந்த நாட்கள் இருக்கின்றன. விட்டு வந்த நாட்டுக்கும் சோறு போடும் ஊருக்கும் நடுவே கிடந்து தவித்த ஆண்டுகளும் இருக்கின்றன.

குடியேறியவர்களின் ஆட்டம்

கேஹில் 1979 டிசம்பர் 6-ந் தேதி சிட்னி நகரில் பிறந்தார். தந்தை இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். தாயார் பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவைச் சேர்ந்தவர்.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலோர் கொண்டாடும் ஆட்டங்கள் வேறு. கோடையில் கிரிக்கெட். குளிர் காலத்தில் ரக்பி அல்லது அந்நாட்டுக்கே உரிய, கையாலும் காலாலும் ஆடும் ஒரு வகைப் பந்தாட்டம். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அங்கே வேரூன்றியதில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய கிரேக்கர், இத்தாலியர், குரோவேஷியர், ஹங்கேரியர் முதலியோருக்குப் பெரும் பங்கு உண்டு.

வாரம் முழுவதும் ஆலையில் உழைப்பு. ஓய்வு நாளில் மைதானம். அந்தக் கிளப்புகள் பந்து விளையாட மட்டும் ஏற்பட்டவை அல்ல. தாய்மொழியில் நாலு வார்த்தை பேசவும், ஊர்ச் சேதி கேட்கவும், கல்யாணத்துக்கு வரன் பார்க்கவும் அவையே இடம். நம்மவர்கள் போன இடமெல்லாம் தமிழ்ச் சங்கம் வைத்துக்கொள்வது போலத்தான். சிட்னி ஒலிம்பிக் கிரேக்கர்களின் கிளப். சிட்னி யுனைடெட் குரோவேஷியர்களின் கிளப். சிறுவன் கேஹில் இரண்டின் இளைஞர் அணிகளிலும் ஆடினான்.

1977-ல் அங்கே தேசிய லீக் போட்டி தொடங்கியது. இருந்தும் பந்தாட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு இயலாத காரியமாகவே இருந்தது. திறமை உள்ளவனுக்கு வெளிநாடுதான் வழி. ஜோ மார்ஸ்டன் என்ற ஆட்டக்காரர் 1950-லேயே இங்கிலாந்தின் பிரஸ்டன் அணிக்குச் சென்றார். 1954-ல் இங்கிலாந்தின் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய முதல் ஆஸ்திரேலியர் அவரே. அவருக்குப் பின் அந்த வழியில் பலர் போனார்கள்.

பெற்றோர் வாங்கிய கடன்

கேஹிலுக்கு ஒரு குறை இருந்தது. உடல் சிறியது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று தேர்வாளர்கள் அவரைத் திரும்பத் திரும்ப ஒதுக்கினார்கள். பையன் கெட்டிக்காரன், ஆனால் தாக்குப் பிடிக்க மாட்டான் என்பதே அவர்கள் தீர்ப்பு.

பெற்றோர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. கையில் பணமும் இல்லை. கடன் வாங்கினார்கள். 1997-ல் பதினேழு வயதுப் பையனை விமானம் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தமோ, வேலை உத்தரவோ எதுவும் கிடையாது. உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ள இடம். ஏதாவது ஒரு கிளப் சோதித்துப் பார்க்கும் என்ற நம்பிக்கை. அவ்வளவுதான்.

சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 17,000 கிலோ மீட்டர். தோற்றால் அடுத்த ரயிலில் ஏறி ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற தூரம் அல்ல. தோற்றுத் திரும்பினாலும் கடன் திரும்பாது. வீட்டார் வட்டி கட்ட, மைதானத்தில் மூச்சு வாங்க ஓடுகிறவனுக்கு விளையாட்டு விளையாட்டாக இருக்க முடியுமா?

மில்வால் என்ற தொழிலாளர் கிளப்

லண்டனின் தென்கிழக்கே உள்ள மில்வால் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. இது பட்டாடை கட்டிய கிளப் அல்ல. 1885-ல் தேம்ஸ் நதி ஓரத்தில் ஜாம், டப்பா உணவு தயாரித்த தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர்களே அதன் ரசிகர்கள். சண்டைக்கு அஞ்சாதவர்கள் என்ற கெட்ட பெயரும் அந்த ரசிகர்களுக்கு உண்டு. உழைக்காத ஆட்டக்காரனை அவர்கள் மன்னிப்பதில்லை.

கேஹில் உழைத்தார். 1998 மே மாதம் முதல் ஆட்டம். அப்போது மில்வால் மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்தது. 2001-ல் அந்தப் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறியது. நடுக்கள ஆட்டக்காரரான கேஹில், எதிரிகளின் கோல் எல்லைக்குள் யாரும் எதிர்பாராத நேரத்தில் நுழைந்து கோல் போடுவதில் பெயர் எடுத்தார். இடையில் முழங்கால் தசைநார் அறுந்து பல மாதங்கள் படுக்க நேர்ந்தது. எழுந்து மறுபடி ஆடினார்.

2004 ஏப்ரலில் எப்.ஏ. கோப்பை அரை இறுதி. எதிரில் சண்டர்லாந்து. ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் கேஹில். மில்வால் தன் வரலாற்றில் முதல் முறையாக அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. மே 22-ந் தேதி கார்டிப் நகரில் மான்செஸ்டர் யுனைடெட் 3-0 என்று வென்றது உண்மைதான். ஆனால் இரண்டாம் நிலைக் கிளப் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று இங்கிலாந்தே பேசியது.

பதினான்கு வயதில் ஆடிய ஆட்டம்

இதற்கிடையே அவரை வாட்டிய விவகாரம் ஒன்று உண்டு. இன்னொரு நாட்டில் காகிதத்துக்காக அலைந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

1994-ல், பதினான்கு வயதில், தாயாரின் நாடான சமோவாவின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணியில் கேஹில் மாற்று ஆட்டக்காரராகச் சிறிது நேரம் ஆடியிருந்தார். பாட்டியின் நாட்டுக்குப் போய் வரக் கிடைத்த வாய்ப்பு என்றே பையன் அதை நினைத்தான். ஆனால் அன்றைய உலகக் கால்பந்து சம்மேளன விதியோ கண்டிப்பானது. ஒரு நாட்டின் பெயரில் அதிகாரபூர்வப் போட்டியில் இறங்கிவிட்டால், அது இளைஞர் அணியாக இருந்தாலும், பிறகு வேறு நாட்டுக்கு ஆட முடியாது.

பிறந்தது ஆஸ்திரேலியாவில், வளர்ந்ததும் அங்கேதான். ஆனால் அந்த நாட்டுச் சட்டையை அணியத் தடை! பத்தாண்டுக் காலம் இந்தத் தடை நீடித்தது. 2004-ல்தான் விதி தளர்த்தப்பட்டது. இளைஞர் அணியில் மட்டும் ஆடியவர்கள், இரு நாட்டு உரிமை உள்ளவர்களானால், ஒரு முறை மாறிக்கொள்ளலாம் என்று வழி பிறந்தது. அவ்வாண்டு மார்ச் 30-ந் தேதி லண்டனில் தென் ஆப்பிரிக்காவை எதிர்த்து ஆஸ்திரேலியாவுக்காக முதன் முதலில் இறங்கினார். வயது 24.

தாமதமாகக் கிடைத்த சட்டை என்பதாலோ என்னவோ, அதன் பிறகு அவர் அதைக் கழற்ற மனம் வராதவராகவே இருந்தார்.

எவர்ட்டனில் எட்டு ஆண்டுகள்

2004 ஜூலையில் லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கிளப் அவரை வாங்கியது. விலை 15 லட்சம் பவுன். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சந்தையில் இது சல்லிசான விலை.

புதுக் கிளப்புக்காகப் போட்ட முதல் கோலே வேடிக்கையில் முடிந்தது. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கோல் போட்ட மகிழ்ச்சியில் சட்டையைத் தூக்கித் தலைக்கு மேல் இழுத்துவிட்டார். அது விதி மீறல்! ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்ததால் நடுவர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். கோல் போட்டதற்கே தண்டனையா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எவர்ட்டன் அந்த ஆட்டத்தை அந்த ஒரு கோலில் வென்றது.

அந்தப் பருவத்தில் கிளப்பின் அதிக கோல் போட்டவர் அவரே. எவர்ட்டன் லீக்கில் நான்காவது இடம் பிடித்தது. எட்டு ஆண்டுகளில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து 278 ஆட்டங்கள், 68 கோல். நடுக்கள ஆட்டக்காரருக்கு இது சாதாரணக் கணக்கு அல்ல.

அவருடைய சிறப்பு தலையாட்டம். உயரம் ஐந்தடி பத்து அங்குலம்தான். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் ஆறடிக்கு மேல். ஆனால் பந்து வரும் நேரத்தைக் கணக்கிடுவதில் அவருக்கு நிகர் குறைவு. மற்றவர்கள் நின்ற இடத்தில் குதிப்பார்கள். இவர் இரண்டடி பின்னால் நின்று, ஓடி வந்து, அவர்களுக்கு அரை நொடி முன்னதாக எழும்புவார். அவர்கள் எழும்பும்போது இவர் உச்சியில் இருப்பார். சிறிய உடல் என்று ஒதுக்கப்பட்ட பையன் உயரமானவர்களின் தலைக்கு மேல் பந்தை முட்டினான். கோல் விழுந்ததும் மூலைக் கொடிக் கம்பத்துக்கு ஓடி, அதை எதிரியாகப் பாவித்துக் குத்துச்சண்டை போடுவார். அந்தக் காட்சியைக் காணவே குடிசன் பார்க் மைதானத்தில் கூட்டம் எழுந்து நிற்கும். 2025-ல் எவர்ட்டன் அந்தப் பழைய மைதானத்தை விட்டுப் புது இடம் போய்விட்டது.

சறுக்கல்களும் இல்லாமல் இல்லை. 2008 மார்ச்சில் ஒரு கோலுக்குப் பின், கைகளில் விலங்கு பூட்டியது போல மணிக்கட்டுகளைச் சேர்த்துக் காட்டினார். தாக்குதல் வழக்கில் சிறை சென்றிருந்த சகோதரரை நினைத்துச் செய்தது அது. தாக்கப்பட்டவரை நினைத்தாரா என்று கண்டனம் எழுந்தது. கேஹில் வருத்தம் தெரிவித்தார். 2009-ல் எப்.ஏ. கோப்பை அரை இறுதியில் எவர்ட்டனின் முதல் பெனால்டியை அடித்தவர் அவரே. பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. தோழர்கள் மற்றவற்றைப் போட்டு அணியைக் காப்பாற்றினார்கள். இறுதி ஆட்டத்தில் செல்சீ 2-1 என்று வென்றது. இங்கிலாந்தின் பெரிய கோப்பை எதுவும் அவர் கையில் ஏறவில்லை.

கைசர்ஸ்லாட்டர்னில் எட்டு நிமிடம்

கேஹிலின் பெயரைச் சொன்னால் ஆஸ்திரேலியர்கள் முதலில் சொல்லும் தேதி 2006 ஜூன் 12.

அதற்கு முன் ஆஸ்திரேலியா உலகக் கோப்பைப் போட்டிக்குச் சென்றது ஒரே முறை, 1974-ல். மூன்று ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோல்கூடப் போடவில்லை. அடுத்த வாய்ப்புக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் ஜப்பானுடன் முதல் ஆட்டம். ஜப்பான் 26-வது நிமிடத்தில் கோல் போட்டு முன்னணியில் நின்றது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக கேஹில் இறக்கப்பட்டார்.

84-வது நிமிடம். கோல் முன்னே ஏற்பட்ட நெரிசலில் பந்து அவர் காலுக்கு வந்தது. கோல்! உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா போட்ட முதல் கோல் அதுவே. 89-வது நிமிடத்தில் எல்லைக்கு வெளியிலிருந்து அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று. கூடுதல் நேரத்தில் ஜான் அலாய்சி மூன்றாவது கோல் போட்டார். எட்டு நிமிடத்தில் மூன்று கோல்; 3-1 என்று வெற்றி.

2010-ல் ஜெர்மனிக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். திரும்பி வந்து செர்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டார். 2014-ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் போட்டது தனிக் கதை. நீண்ட தூரத்திலிருந்து தோளுக்குப் பின்னால் உயர்ந்து வந்த பந்தைத் தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்தார். பந்து மேல் கம்பத்தின் அடியில் மோதி உள்ளே விழுந்தது. அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 3-2 என்று தோற்றது. ஆனால் அந்தக் கோலை மறந்தவர் இல்லை.

2015-ல் ஆஸ்திரேலியா ஆசியக் கோப்பையை வென்றபோது, கால் இறுதியில் சீனாவைச் சாய்த்த இரண்டு கோல்களும் அவருடையவை. 2017 அக்டோபரில், முப்பத்தேழு வயதில், சிரியாவுக்கு எதிரான தகுதி ஆட்டத்தில் மறுபடி இரண்டு தலைக் கோல். அதில் இரண்டாவது, கூடுதல் நேரத்தில் 109-வது நிமிடத்தில் விழுந்தது. அது விழாதிருந்தால் 2018 உலகக் கோப்பைக்கான வழி அன்றே அடைபட்டிருக்கக் கூடும்.

வயது ஏறிய பின்

2012-ல் எவர்ட்டனை விட்டு நியூயார்க் ரெட் புல்ஸ் அணிக்குச் சென்றார். 2013-ல் ஒரு ஆட்டத்தில் தொடக்க விசில் ஊதிய எட்டாவது வினாடிக்குள் கோல் போட்டார். அமெரிக்க லீக்கில் அன்றைக்கு அது சாதனை. அதே ஆண்டு லீக்கில் அதிகப் புள்ளி பெறும் அணிக்கு உரிய கேடயத்தை அந்தக் கிளப் முதல் முறையாக வென்றது. பிறகு சீனாவில் ஷாங்காய், ஹாங்சௌ நகரக் கிளப்புகள்.

2016-ல் மெல்போர்ன் சிட்டி அணி அவரை நாட்டுக்கு அழைத்து வந்தது. பதினேழு வயதில் போனவர் முப்பத்தாறு வயதில் சொந்த மண்ணின் லீக்கில் முதல் தடவை ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் ஆஸ்திரேலியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிட்னி அணிக்கு எதிராக ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவரும் அவரே. ஆனால் நாளாக நாளாக அவருக்கு ஆட வாய்ப்புக் குறைந்தது. 2018 உலகக் கோப்பை அணியில் இடம் வேண்டுமானால் எங்காவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். தம்மை முதலில் சேர்த்துக்கொண்ட மில்வாலுக்கே 2018 ஜனவரியில் திரும்பிப் போனார். பத்து ஆட்டங்கள், கோல் ஒன்றும் இல்லை. ரசிகர்கள் குறை சொல்லவில்லை. ரஷ்யாவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் பெரு நாட்டுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் சிறிது நேரம் இறங்கினார்.

இரும்பு நகரத்தில்

அதன் பிறகுதான் ஜாம்ஷெட்பூர். டாட்டா ஸ்டீல் கம்பெனிக்குச் சொந்தமான அந்தக் கிளப் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது 2017-ல். ஊர் ஜாம்ஷெட்பூர், ரயில் நிலையத்தின் பெயர் டாட்டாநகர். உருக்காலை வேலைக்காகப் பல மாநிலத்தாரும் வந்து குடியேறிய நகரம் அது. தென்னாட்டாரும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். கதமா பகுதியில் தட்சிண பாரத மகிளா சமாஜம் நடத்தும் பள்ளி நகரத்தில் யாவரும் அறிந்தது.

அந்த அணியில் அவரோடு ஆடியவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்கு ஆடி, ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற பரிசு பெற்று, அவ்வாண்டுதான் ஜாம்ஷெட்பூருக்கு வந்திருந்தார்.

2018 அக்டோபர் 29. சொந்த மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் ஆட்டம். மூன்றாவது நிமிடத்தில் கேஹில் வழக்கம் போல் எழும்பித் தலையால் முட்டினார், கோல்! இந்திய மண்ணில் அவர் போட்ட முதல் கோல். 31-வது நிமிடத்தில் சூசைராஜ் இரண்டாவது கோலைப் போட்டார். சிட்னிக்காரர் ஒன்று, இரவிபுத்தன்துறைக்காரர் ஒன்று! பிற்பாதியில் கேரளா இரண்டையும் திருப்பி ஆட்டத்தைச் சமன் செய்தது வேறு விஷயம். அந்தப் பருவம் முழுவதிலும் கேஹில் போட்டது இரண்டே கோல். ஜாம்ஷெட்பூர் ஐந்தாவது இடத்தில் நின்று அரை இறுதியைத் தவறவிட்டது. வயது முப்பத்தொன்பது, கால்கள் முன்போல் கேட்கவில்லை.

நடுவே நவம்பர் 20-ந் தேதி சிட்னிக்குப் போய் லெபனான் அணிக்கு எதிராகத் தமது 108-வது ஆட்டத்தை ஆடி நாட்டு அணியிடமிருந்து விடைபெற்றார். 2019 மார்ச்சில் ஆட்டத்தையே விட்டார்.

ஆடியதற்குப் பின்

ஓய்வுக்குப் பின் அவர் சென்ற இடம் வளைகுடா. 2022 உலகக் கோப்பையை நடத்திய கத்தார் நாட்டின் தூதர்களில் ஒருவராக இருந்தார். அங்கே அரங்குகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியா, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். அவர்கள் பட்ட பாடு உலகெங்கும் பேசப்பட்டது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் ஆஸ்திரேலிய அணியைச் சேர்ந்த பதினாறு ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, தொழிலாளர் உரிமை பற்றிக் கேள்வி எழுப்பிக் காணொளி வெளியிட்டார்கள். அணியின் மூத்தவரான கேஹில் எதிர்ப்பக்கத்தில், நடத்துகிறவர்களோடு நின்றார். கடன் வாங்கி அயல்நாடு போனவனின் நெஞ்சு அவருக்குத் தெரியாததா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு.

ஆனால் மைதானத்துக் கணக்கு அவர் பெயரில் அப்படியே இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆண்கள் அணியில் ஐம்பது கோல் தொட்டவர் வேறு யாரும் இன்றுவரை இல்லை. ஆண், பெண் இரு அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணைத் தாண்டியவர் சாம் கெர் என்ற வீராங்கனை. 2022 ஜனவரி 21-ந் தேதி பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தோனேஷியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டு அவர் கேஹிலை முந்தினார். அந்த ஆட்டம் நடந்த இடம் மும்பை, அந்தேரி மைதானம்!